வாயைத் திறந்தால்தான் ஜெர்மன்: ஆடியோ பாடம் வைத்து வீட்டிலேயே பேசப் பழகுவது

ஆடியோ பாடம் வைத்து ஜெர்மன் படிக்கிறேன் என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பாடத்தைக் கேட்கிறார்கள், அதோடு சரி. பஸ்ஸில் ஒரு பாடம், சமைக்கும்போது ஒரு பாடம், தூங்கப் போகும்முன் இன்னொன்று என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். சில மாதம் கழித்து ஒரு ஜெர்மன்காரர் எதிரே வந்து நின்றால் வணக்கத்தைத் தாண்டி ஒரு வார்த்தை வராது. பாடத்தின் மேல் குற்றமில்லை. பேசப் பழக்குவதற்கென்றே தயாரித்த பாடங்களில் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் சில விநாடி மௌனம் விட்டிருப்பார்கள், அல்லது பாடத்தை நிறுத்திவிட்டுப் பதில் சொல் என்பார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்தச் சில விநாடியைத்தான். அதில் சும்மா இருந்தால் ரேடியோ கேட்ட மாதிரிதான்.

அதனால் எந்தப் பாடம் என்று தேடுவதற்கு முன்னால் எந்த இடம் என்று முடிவு செய்யுங்கள். வாய்விட்டுச் சத்தமாகப் பேச முடிகிற இடமாக இருக்க வேண்டும். பஸ்ஸும் ரயிலும் சரிப்படாது. மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு வார்த்தை தெரிந்திருக்கும், நாக்கு புரளாது. மொட்டை மாடி நல்லது. காலை நடை இன்னும் நல்லது, ஏனென்றால் இயர்போனை மாட்டிக்கொண்டு தனியாகப் பேசிக்கொண்டே போகிறவரை இப்போதெல்லாம் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, போனில் யாரையோ திட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். பைக் ஓட்டும்போது மட்டும் வேண்டாம்.

எந்தப் பாடத்தை எடுப்பது

பிரபலமானது பிம்ஸ்லர். பால் பிம்ஸ்லர் என்ற அமெரிக்க மொழியியலாளர் உருவாக்கிய முறை. மறந்துபோகப் போகிற நேரம் பார்த்து ஒரு வார்த்தையைத் திரும்பக் கேட்டால் அது அடுத்த முறை இன்னும் நீண்ட நேரம் நினைவில் நிற்கும் என்பது அவருடைய கணக்கு. 1967ல் எழுதிய கட்டுரையில் அந்த இடைவெளிகளை 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி நேரம், 5 மணி நேரம், 1 நாள் என்று கூட்டிக்கொண்டே போகிறார். ஜெர்மனுக்கு ஐந்து நிலைகள், நிலைக்கு 30 பாடம், பாடத்துக்கு அரை மணி நேரம். மொத்தம் 75 மணி நேரம் வரும். இதில் ஒரு அருமையான உத்தி உண்டு, நீளமான வார்த்தையைக் கடைசி அசையிலிருந்து பின்னோக்கிக் கட்டுவார்கள். 'மன்னிக்கவும்' என்பதற்கான ஜெர்மன் வார்த்தையை முதல் தடவை கேட்டால் மூச்சு முட்டும். அதையே குங், டிகுங், ஷுல்டிகுங், எண்ட்ஷுல்டிகுங் என்று வாலிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தால் நாலாவது தடவை தானாக உருண்டு வந்துவிடும். இதை மற்ற பாடங்களைப் படிக்கும்போதும் நீங்களே செய்துகொள்ளலாம், ஜெர்மனில் நீள வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை.

குறை என்னவென்றால் பிம்ஸ்லர் ஆமை வேகம். அத்தனை மணி நேரத்துக்கும் வார்த்தைகள் கொஞ்சம்தான் கிடைக்கும், அதுவும் ஹோட்டல், உணவகம், அலுவலகச் சந்திப்பு என்று பெட்டி தூக்கிக்கொண்டு பயணம் போகிற மனிதருக்கான பேச்சு. இலக்கணத்தை விளக்கவும் மாட்டார்கள். ஆனால் உச்சரிப்புக்கும், யோசிக்காமல் பதில் வருவதற்கும் இதற்கு ஈடாக எனக்குத் தெரிந்து ஒன்றில்லை. முதல் நிலையை மட்டுமாவது முடியுங்கள்.

அடுத்தது மிஷேல் தாமஸ். போலந்தின் வூட்ஜ் நகரில் 1914ல் பிறந்தவர், பின்னாளில் அமெரிக்காவில் ஹாலிவுட் நட்சத்திரங்களுக்கு மொழி சொல்லிக்கொடுத்துப் பெயர் வாங்கியவர், 2005ல் இறந்தார். அவருடைய அடிப்படைப் பாடம் 8 மணி நேரம். ஒலிப்பதிவில் அவரோடு இரண்டு மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள் மூன்றாவது ஆள். அவர் கேட்டதும் நிறுத்தத்தை அழுத்திவிட்டு, அந்த இருவரும் வாய் திறக்கும் முன் நீங்கள் சொல்ல வேண்டும். வீட்டுப்பாடம் கிடையாது, குறிப்பெடுக்காதே, மனப்பாடம் செய்யாதே என்பார். வினைச்சொல்லை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்பதை இவர் அளவுக்கு எளிமையாகக் காட்டுகிறவர்கள் குறைவு. ஆனால் அவருடைய ஜெர்மன் உச்சரிப்பைப் பின்பற்ற வேண்டாம், அதற்கு வேறு குரல்களைக் கேளுங்கள்.

காசு செலவழிக்க மனமில்லையா? லாங்வேஜ் டிரான்ஸ்பர் என்று ஒரு இலவசப் பாடம் இருக்கிறது, மிஹாலிஸ் எலெஃப்தெரியு என்பவர் நடத்துவது. ஜெர்மனுக்கு 50 பாடங்கள். ஏறக்குறைய மிஷேல் தாமஸ் பாணிதான், ஒரே ஒரு மாணவர் கூட இருப்பார், ஏன் இப்படி என்கிற விளக்கம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். தொடங்குகிறவர்கள் பிம்ஸ்லர் வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது, மொழி பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

டாய்ச்ச வெல்லே, அதாவது ஜெர்மனியின் வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனம், பல காலமாக இலவசப் பாடங்கள் தருகிறது. 'டாய்ச், வாரும் நிஹ்ட்?' என்ற பழைய வானொலித் தொடர், ஜெர்மன் சொல்லிக்கொடுத்துத் தேர்வும் நடத்தும் கதே இன்ஸ்டிட்யூட்டோடு சேர்ந்து செய்தது, நான்கு பகுதி, பகுதிக்கு 26 பாடம். ஹோட்டலில் வேலை பார்த்துக்கொண்டே இதழியல் படிக்கும் ஆந்திரயாஸும் கண்ணுக்குத் தெரியாத எக்ஸும் பேசிக்கொள்கிற கதை. கொஞ்சம் பழைய வாடை அடிக்கும், ஆனால் நாடகம் போலக் கேட்கலாம். 'ராடியோ டே'யும் அதே வகை, 52 பாடம். இவற்றில் பேசுவதற்கான இடைவெளி குறைவு, கேட்கும் பழக்கத்துக்குத்தான் உதவும். அதனால் முதல் பாடமாக எடுக்காதீர்கள், துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் 1960களில் தன் அதிகாரிகளுக்காகத் தயாரித்த எஃப்எஸ்ஐ பாடமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே வாக்கியத்தில் ஒரு வார்த்தையை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்வார்கள், ராணுவப் பயிற்சி மாதிரி. அலுத்துப்போகும். ஆனால் பெயர்ச்சொல்லின் பாலுக்கு ஏற்ப முன்னால் வரும் டேர், டீ, டாஸ் குழப்பம் தீராமல் தவிப்பவர்களுக்கு அதுதான் மருந்து. அசிமில் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் புத்தகமும் ஒலிப்பதிவும் சேர்ந்த பாடம் வாசிப்பும் வேண்டும் என்பவர்களுக்கு.

இதில் ஒன்றை எடுங்கள், அதை முடியுங்கள். ஐந்து செயலியை இறக்கி ஐந்திலும் மூன்றாவது பாடத்தில் நிற்கிறவர்கள் ஐந்து தடவை 'என் பெயர் இன்னார்' என்று சொல்லப் பழகியிருப்பார்கள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் வரிசை இப்படி: முதலில் லாங்வேஜ் டிரான்ஸ்பர் முழுசாக, அப்புறம் பிம்ஸ்லர் முதல் இரண்டு நிலை, அதோடு பொழுதுபோக்காக டாய்ச்ச வெல்லே.

இவை எல்லாம் ஆங்கிலக்காரர்களுக்குச் செய்த பாடங்கள்

நாம் கவனிக்க வேண்டிய பெரிய விஷயம் இது. நான் சொன்ன பாடங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் கேள்வி ஆங்கிலத்தில் வரும். 'சொல்லுங்கள், நான் இன்று வேலை செய்ய வேண்டும்' என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள், நீங்கள் ஜெர்மனில் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் பலர் அந்த ஆங்கில வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வார்த்தைக்கு வார்த்தை ஜெர்மனாக மாற்றப் பார்ப்பார்கள். அது வேண்டாத வேலை. ஆங்கிலத்தை வார்த்தைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வீடு, நீர், புத்தகம், கை என்று நூற்றுக்கணக்கான வார்த்தைகள் இரண்டு மொழியிலும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வாக்கிய அமைப்புக்குத் தமிழுக்கு வாருங்கள்.

எப்படி என்று ஒரு வாக்கியத்தில் பார்க்கலாம். 'இஹ் முஸ் ஹொய்டெ ஆர்பைட்டன்' என்றால் நான் இன்று வேலை செய்ய வேண்டும். இஹ் நான், முஸ் வேண்டும், ஹொய்டெ இன்று, ஆர்பைட்டன் வேலை செய்ய. இதில் முஸ் மட்டும் இரண்டாம் இடத்துக்கு ஓடிப்போய் நிற்கிறது, மற்றதெல்லாம் நம் வரிசைதான். இப்போது 'ஏனென்றால்' என்ற பொருள் தரும் வைல் என்ற சொல்லை முன்னால் போடுங்கள். 'வைல் இஹ் ஹொய்டெ ஆர்பைட்டன் முஸ்.' நான், இன்று, வேலை செய்ய, வேண்டும். அச்சு அசல் தமிழ் வரிசை! ஆங்கிலக்காரர்கள் இந்த இடத்தில்தான் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள், பாடத்திலும் இதை ஏதோ பெரிய மலை போலக் காட்டி நிதானமாக ஏற்றிவிடுவார்கள். உங்களுக்கு அது பழகிய தெரு. அதேபோல 'மியர் இஸ்ட் கால்ட்' என்றால் எனக்குக் குளிர்கிறது. 'எனக்கு' என்று தொடங்குவதில் தமிழ்க் காதுக்கு எந்த உறுத்தலும் இல்லை. நீ, நீங்கள் வித்தியாசமும் அப்படியே டூ, ஸீ என்று இருக்கிறது, அதை விளக்கிக் கால் மணி நேரம் போக்கினால் தாண்டிப் போய்விடுங்கள்.

ஆக, ஆங்கிலக் கேள்வி காதில் விழுந்ததும் அதன் அர்த்தத்தைத் தமிழில் ஒரு கணம் நினைத்துவிட்டு ஜெர்மனுக்குப் போங்கள். ஆரம்பத்தில் இதற்கு நேரம் பிடிக்கும், பாடத்தின் இடைவெளி பத்தாது, நிறுத்திக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளில் இரண்டு மொழியும் கழன்றுகொண்டு நேராக ஜெர்மனே வர ஆரம்பிக்கும்.

நம் நாக்குக்கு எது கஷ்டம்

முதல் எதிரி கடைசியில் ஒட்டிக்கொள்ளும் உகரம். தமிழில் ட், க், ப் என்று வார்த்தை முடிவதில்லை, அதனால் நம்மையறியாமல் ஒரு 'உ' சேர்த்துவிடுவோம். டாக் டாக்கு ஆகும், குட் குட்டு ஆகும். ஜெர்மனில் அந்தக் கடைசி மெய்யைப் பட்டென்று வெட்டி நிறுத்த வேண்டும். நல்ல வேளை, எழுத்தில் g, d, b என்று முடிந்தாலும் பேச்சில் க், ட், ப் என்று கடினமாகத்தான் முடிப்பார்கள், அதனால் கடைசியில் எது என்று குழம்ப வேண்டியதில்லை. முதலில் வரும்போதுதான் வம்பு. ப என்ற ஒரே எழுத்தில் p, b இரண்டு ஒலியையும் அடக்கிப் பழகிய நமக்கு பாக்கன் என்றால் மூட்டை கட்டுவது, அதையே மெலிதாகச் சொன்னால் கேக் சுடுவது என்கிற வித்தியாசத்தைக் காதில் ஏற்றவே சில நாள் ஆகும். வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மூட்டை கட்டும் பாக்கனில் காற்று கையில் அடிக்க வேண்டும், மற்றதில் அடிக்கக் கூடாது.

அப்புறம் இஹ் (ich) என்பதில் வருகிற ch ஒலி. இதை இஷ், இக் என்று ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள், மூன்றும் சரியில்லை, தமிழில் எழுத வழியில்லை. 'ய்' சொல்லப் போவது போல நாக்கை வைத்துக்கொண்டு குரல் கொடுக்காமல் காற்றை மட்டும் ஊதுங்கள், அதுதான். ஆ, ஓ, உ, அவ் ஒலிகளுக்குப் பின்னால் அதே எழுத்து தொண்டைக்கு இறங்கிக் கரகரக்கும், புத்தகம் என்று அர்த்தமுள்ள பூஹ் என்ற சொல்லில் வருவது போல. புள்ளி வைத்த ü, ö இரண்டும் இன்னும் எளிது. நாக்கு 'ஈ' என்று இருக்கட்டும், உதட்டை மட்டும் 'ஊ' என்று குவியுங்கள், ü வந்துவிடும். நாக்கு 'ஏ', உதடு 'ஓ' என்றால் ö. கண்ணாடி முன்னால் நின்று செய்யுங்கள், வீட்டில் இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

குறில் நெடில் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே நாம் ஆங்கிலக்காரர்களைவிட ஒரு படி மேலே.

தினமும் என்ன செய்வது

அரை மணி நேரம் போதும், ஆனால் தினமும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து வாரத்துக்கும் சேர்த்துப் படிப்பது இந்த வகைப் பாடத்துக்கு ஒத்துவராது, இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்பதில்தான் அதன் சூட்சுமமே இருக்கிறது. ஒரு பாடத்தில் நூற்றுக்கு எண்பது சரியாகச் சொல்ல வந்தால் அடுத்ததற்குப் போகலாம் என்பது பிம்ஸ்லர் பாடத்தில் தரும் அறிவுரை. எல்லாப் பாடத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். நூறும் வரட்டும் என்று ஒரே பாடத்தை வாரக்கணக்கில் தேய்த்தால் வெறுத்துப்போகும், விட்டுப்போன இருபது அடுத்தடுத்த பாடங்களில் எப்படியும் திரும்பி வரும்.

பாடம் முடிந்ததும் எழுத்து வடிவத்தைப் பாருங்கள், முன்னால் பார்க்காதீர்கள். எழுத்தைப் பார்த்துவிட்டால் ஆங்கிலப் பழக்கத்தில் w என்பதை நம் பாணியில் படிப்போம், z என்பதை ஸ் என்போம். அங்கே w என்றால் மேல்பல் கீழுதட்டைத் தொடும் வ், v பெரும்பாலும் ஃப், z என்றால் ட்ஸ். காது முதலில், கண் பிறகு.

பழைய பாடத்தில் வரும் ஒரு உரையாடலை எடுத்து, பேசுகிறவரின் குரலோடு ஒட்டிக்கொண்டு அரை நொடி பின்னால் நீங்களும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போகும் பயிற்சியும் உண்டு. நிழல் மாதிரி தொடர்வதால் ஷேடோயிங் என்பார்கள், அலெக்சாண்டர் ஆர்குவெய்ஸ் என்ற பன்மொழி அறிஞர் இதை விறுவிறுவென்று நடந்துகொண்டே செய்யச் சொல்வார். ராகம் படிவதற்கு இது நல்ல வழி. அர்த்தம் தெரிந்த வாக்கியத்தில் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் மந்திரம் ஓதுவது போல ஆகிவிடும். வாரத்துக்கு ஒரு தடவை உங்கள் குரலைப் போனில் பதிவு செய்து பாடத்தில் வரும் குரலோடு அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கடைசி உகரம் அப்போதுதான் காதில் மாட்டும்.

எண்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள், எந்தப் பாடமும் போதுமான அளவு பழக்குவதில்லை. 47 என்பதை ஏழும் நாற்பதும் என்று திருப்பிச் சொல்வார்கள், ஸீபன் உண்ட் ஃபியர்ட்ஸிஹ். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சேர்த்து இப்படிச் சொல்லும்போது எழுதிக்கொள்பவர் கை முதலில் 4க்கு இடம் விட்டு 7 போட வேண்டும். போனில் ட்ஸ்வை, ட்ரை இரண்டும் ஒன்றுபோலக் கேட்பதால் இரண்டுக்கு ட்ஸ்வோ என்பதும் உண்டு. தெருவில் போகிற வண்டிகளின் நம்பர் பிளேட்டை ஜெர்மனில் படித்துக்கொண்டே போவது நல்ல பயிற்சி, செலவில்லாதது.

ஆடியோ பாடம் எதுவரை கைகொடுக்கும்

கொஞ்சம் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் பேசுகிற ஒருவர் வேலைக்குத் தேவையான ஜெர்மன் கற்க முழுநேர வகுப்பில் சுமார் 36 வாரம் ஆகும் என்பது மேலே சொன்ன எஃப்எஸ்ஐ பாடத்தைத் தயாரித்த அதே அமெரிக்க நிறுவனத்தின் கணக்கு. 75 மணி நேரப் பாடம் அதன் பக்கத்தில்கூட வராது. கணவனோ மனைவியோ ஜெர்மனியில் இருக்க, சேர்ந்து வாழ விசா கேட்கிறவர்களுக்குப் பொதுவாக ஏ1, அதாவது ஆரம்ப நிலைத் தேர்வின் சான்றிதழ் வேண்டும். நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் அதைவிட மூன்று படி மேலே உள்ள பி2 வரை போக வேண்டியிருக்கும். அந்தத் தேர்வுகளில் வாசிப்பும் எழுத்தும் உண்டு, ஆடியோ பாடம் அதற்குத் துணையாகாது, புத்தகமோ வகுப்போ வேண்டும். ஆனால் வகுப்பில் சேரும்முன் ஒரு ஆடியோ பாடத்தை முடித்துவிட்டுப் போகிறவருக்கு வாய் கூசாது. அதுவே பெரிய லாபம்.

கதே இன்ஸ்டிட்யூட்டின் ஏ1 பேச்சுத் தேர்வில் முதல் பகுதி உங்களை நீங்களே அறிமுகம் செய்துகொள்வது. பெயர், வயது, நாடு, ஊர், மொழி, வேலை, பொழுதுபோக்கு. அதோடு ஏதாவது ஒரு சொல்லை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள், ஒரு எண்ணைச் சொல்லச் சொல்வார்கள். இந்த எழுத்துக்கூட்டலில்தான் சிக்கல், ஏனென்றால் ஜெர்மனில் A என்றால் ஆ, E என்றால் ஏ, I என்றால் ஈ. ஆங்கிலப் பழக்கத்தில் ஈ என்று சொன்னால் எதிரில் இருப்பவர் I என்று எழுதிக்கொள்வார். J யொட், V ஃபௌ, W வே, Y உப்ஸிலோன், Z ட்ஸெட். நம் பெயர்களோ இனிஷியலும் அப்பா பெயருமாக நீண்டு கிடக்கும், பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படி முழுப் பெயரையும் ஊர்ப் பெயரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்குப் பழகிவிடுங்கள்.

பேச ஆள் வேண்டுமே என்றால் டேண்டம் போன்ற செயலிகளில் ஜெர்மன்காரர்கள் கிடைப்பார்கள். முதல் பேச்சுக்கு முன் நாலு வாக்கியத்தை உருப்போட்டுக்கொள்ளுங்கள்: 'நோஹ் ஐன்மால், பிட்டெ' இன்னொரு தடவை, 'பிட்டெ லாங்ஸாமர்' கொஞ்சம் மெதுவாக, 'வீ ஸாக்ட் மன் டாஸ் அவ்ஃப் டாய்ச்?' இதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது, அப்புறம் 'கொனன் வியர் டாய்ச் ஷ்ப்ரெஹன்?' ஜெர்மனில் பேசலாமா. இந்தக் கடைசி வாக்கியம் கட்டாயம் தேவைப்படும் (அதன் முதல் வார்த்தையில் புள்ளி வைத்த ö, உதட்டைக் குவிக்க மறக்காதீர்கள்). நீங்கள் திக்கினால் அவர்கள் உதவி செய்கிறோம் என்று உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், விட்டால் அன்றைய பேச்சு முழுக்க ஆங்கிலத்திலேயே முடியும்.

கேட்டுப் புரியும் அளவு கூடியதும் ஈஸி ஜெர்மன் யூடியூப் சேனலில் தெருவில் போகிறவர்களை நிறுத்திப் பேட்டி எடுப்பதைப் பாருங்கள், பாடத்துக் குரலுக்கும் நிஜக் குரலுக்கும் உள்ள தூரம் தெரியும். டாய்ச்ச வெல்லே மெதுவாக வாசிக்கும் செய்திகளும் எழுத்து வடிவத்தோடு கிடைக்கின்றன, அது கொஞ்சம் தேறியவர்களுக்கு.

சுவிட்சர்லாந்தில் உறவினர்கள் இருக்கிறார்கள், அங்கே போகத்தான் படிக்கிறேன் என்பவர்களுக்கு மட்டும் ஒன்று. மேலே சொன்ன எல்லாப் பாடமும் பொது ஜெர்மன். சூரிச்சிலும் பெர்னிலும் வீட்டிலும் கடையிலும் பேசுவது சுவிஸ் ஜெர்மன், காதில் விழும்போது வேறு மொழி போலவே இருக்கும். பயப்பட வேண்டாம், பள்ளியிலும் அலுவலகக் கடிதங்களிலும் பொது ஜெர்மன்தான், நீங்கள் அதில் பேசினால் அவர்களுக்கு நன்றாகப் புரியும். முதலில் இதைப் படியுங்கள். சுவிஸ் பேச்சு அங்கே போய் இறங்கியபின் உறவினர் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் கிடைக்கும், அவர்கள் பள்ளிக்கூடத்து மைதானத்திலேயே அதைப் பிடித்திருப்பார்கள்.